நிரற்கட்டை மொழிகளில் நீட்சிகள்: தோற்றம், பேணல், திருத்தம் – ஸ்கிராட்ச் மரபை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு நூலின் வரலாறு அதன் ஆசிரியர் எழுத்தாணியைக் கீழே வைத்த நாளோடு முடிந்துவிடுவதில்லை. பெயர்த்தெழுதியோர், உரை வகுத்தோர், பாடம் ஒப்பிட்டுப் பதிப்பித்தோர் என வழிவழி வந்தோரின் உழைப்பே நூலை அடுத்த தலைமுறையிடம் சேர்க்கிறது. சுவடிப் பதிப்பு வரலாற்றின் வழியே தமிழாய்வுலகம் இவ்வுண்மையை நன்கு உணர்ந்துள்ளது. கணினி நிரலும் எழுதப்பட்ட பனுவலே. ஆயினும் அதன் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆக்கியோன் பெயரையும் வெளியீட்டு ஆண்டையும் சுட்டுவதோடு நிறைவடைகின்றனர். வெளியீட்டுக்குப் பின்னர் அந்நிரல் எவ்வாறு பேணப்பட்டது, எவை கைவிடப்பட்டன, எவை மறைவாகக் காக்கப்பட்டன என்னும் வினாக்கள் உரிய கவனம் பெறுவதில்லை.

சிறுவர்களுக்கான நிரலாக்கச் சூழல்களில் 'பிளாக்' என வழங்கும் நிரற்கட்டைகளும், அவற்றின் தொகுதியை விரிவாக்கும் 'நீட்சி' என்னும் அமைப்பும் இவ்வினாக்களுக்கு ஏற்ற களமாக அமைகின்றன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் (எம்.ஐ.டி.) உருவான ஸ்கிராட்ச் மொழியை முதன்மையாகக் கொண்டு, அதனோடு உறவுடைய பிற சூழல்களைத் துணையாகக் கொண்டு, நீட்சிகளின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு மொழியின் விரிவைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்குரியது, விரிந்தபின் அதனைக் காக்கும் கடமை யாருடையது என்பன இக்கட்டுரையின் அடிப்படை வினாக்களாகும்.

கட்டைமொழியின் தோற்றம்

1967ஆம் ஆண்டு சீமோர் பேப்பர்ட், வாலி ஃபியூர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோரின் முயற்சியால் லோகோ என்னும் மொழி உருவாயிற்று. சிறுவர் கணினியைக் கற்பிக்க வேண்டும். கணினி சிறுவரைக் கற்பிக்கக் கூடாது என்பது அதன் உட்கருத்து. லோகோவின் ஆமை, எழுதுகோலை ஏந்திக் கட்டளைக்கேற்ப நகர்ந்து கோடு வரையும். எழுதுகோலைத் தாழ்த்துதல், உயர்த்துதல் என்னும் கட்டளைகள் அம்மொழியின் அடையாளமாகவே விளங்கின. இவ்வெழுதுகோலின் பிற்கால வரலாறு இக்கட்டுரையில் மீண்டும் பேசப்படும்.

லோகோவில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஓர் எழுத்துப் பிழையும் நிரலை நிறுத்திவிடும். இவ்விடரை நீக்கும் முயற்சியாக 1996இல் ஆண்ட்ரூ பெகல் எம்.ஐ.டி.யின் ஊடக ஆய்வகத்தில் லோகோபிளாக்ஸ் என்னும் சூழலை உருவாக்கினார். கட்டளைகள் வண்ணக் கட்டைகளாகத் திரையில் தோன்றின. அவற்றை இழுத்துப் பொருத்தினால் நிரல் அமைந்தது. பொருந்தாத கட்டைகள் ஒட்டா. எனவே, தொடரமைப்புப் பிழைக்கு இடமில்லாமற் போயிற்று. இதனை இலக்கணம் வடிவமாக மாறிய நிகழ்வு எனலாம்.

இதே ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக் தலைமையிலான குழு 2003 முதல் உழைத்து, 2007 மே மாதத்தில் ஸ்கிராட்ச் மொழியைப் பொதுமக்களுக்கு வழங்கியது. இசைத்தட்டை முன்னும் பின்னும் உரசிப் புதிய ஒலிகளைப் பிறப்பிக்கும் இசைக்கலைஞர்களின் வழக்கத்திலிருந்து இப்பெயர் அமைந்தது. பிறர் ஆக்கத்தை எடுத்துப் புதுக்கி அளித்தல் இம்மொழியின் பண்பாடாகும் என்பதைப் பெயரே உணர்த்துகிறது. 1.x வரிசைப் பதிப்புகள் ஸ்குவீக் என்னும் ஸ்மால்டாக் சூழலில் எழுதப்பட்டன. அவற்றில் இயக்கம், தோற்றம், ஒலி, எழுதுகோல், கட்டுப்பாடு, உணர்தல், செயற்குறிகள், மாறிகள் என எட்டு வகைக் கட்டைகள் இருந்தன.

வெளியுலகத்தை நோக்கிய முதல் நீட்சிகள்

எட்டு வகையும் திரைக்குள் நிகழ்வனவற்றையே ஆண்டன. திரைக்கு வெளியே உள்ள ஒளி, ஒலி, தொடுகை ஆகியவற்றை நிரலுக்குள் கொணர வேண்டிய தேவை தொடக்கத்திலேயே எழுந்தது. பிக்கோபோர்டு என்னும் உணரிப் பலகையும் லெகோ நிறுவனத்தின் வீடோ என்னும் இயந்திரப் பெட்டியும் 1.4 பதிப்பில் இடம்பெற்றன. இவற்றுக்குரிய கட்டைகள் மொழியின் உள்ளேயே வைத்துத் தைக்கப்பட்டிருந்தன. புதிய கருவி ஒன்று வந்தால் மொழியையே திருத்தி வெளியிட வேண்டிய நிலை இருந்தது.

இந்நிலையில் தொலை உணரி இணைப்பு என்னும் வழி முக்கியத்துவம் பெற்றது. இவ்வசதியை இயக்கினால் ஸ்கிராட்ச் 42001 என்னும் இணைப்பு வாயிலைத் திறந்து காத்திருக்கும். வேறு மொழியில் எழுதப்பட்ட எந்த நிரலும் அவ்வாயில் வழியாக உணரி மதிப்புகளை அனுப்பலாம், அறிவிப்புகளைப் பெறலாம். மொழியின் ஆக்கியோர் அறியாத கருவிகளும் இவ்வாறு மொழியோடு பேசத் தொடங்கின. இலக்கண நூலோர் தாம் கூறாதவற்றையும் பின் வருவனவற்றையும் தழுவிக்கொள்ளப் புறனடை வகுத்துச் சென்ற மரபோடு இதனை ஒப்பிடலாம். எனினும் ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. 42001 வாயில் வழியே செய்தி வந்ததேயன்றிப் புதிய கட்டை வரவில்லை. விரிந்தது மொழியின் செவி, சொற்களஞ்சியம் விரியவில்லை.

உள்ளிருந்து விரிதல்: ஸ்னாப் மரபு

சொற்களஞ்சியத்தை விரிக்கும் முயற்சி வேறொரு திசையிலிருந்து வந்தது. ஜென்ஸ் மோனிக், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் (பெர்க்லி) பிரையன் ஹார்வி ஆகியோர் ஸ்கிராட்சின் மூலநிரலைத் திருத்திப் பி.ஒய்.ஓ.பி. என்னும் சூழலை உருவாக்கினர். 'உன் கட்டையை நீயே ஆக்கு' என்பது அப்பெயரின் விரிவு. அக்காலத்து ஸ்கிராட்சில் பயனர் தம் கட்டையை ஆக்க இயலாது, இங்கு இயன்றது. பின்னர் இச்சூழல் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் முற்றிலும் புதிதாக எழுதப்பட்டு ஸ்னாப் என்னும் பெயர் பெற்றது.

ஸ்னாப் மரபில் நீட்சி பெரும்பாலும் 'நூலகம்' என்னும் வடிவில் அமைகிறது. நூலகக் கட்டைகளிற் பல, கட்டைகளாலேயே எழுதப்பட்டவை. கற்போர் ஒரு கட்டையைத் திறந்து அதன் உள்ளமைப்பைக் காணலாம், திருத்தலாம், பிழை கண்டால் மாற்றலாம். அதாவது, பயன்படுத்துவோருக்கும் பேணுவோருக்கும் இடையே மதில் இல்லை. ஜாவாஸ்கிரிப்ட் வழியாக ஆழமான விரிவுக்கும் இடமுண்டு. ஆயின் அவ்வசதி இயல்பாக அடைக்கப்பட்டிருக்கும். பயனர் தாமே திறந்துகொள்ள வேண்டும். ஸ்கிராட்சும் தன் 2.0 பதிப்பில் பயனர் ஆக்கும் கட்டைகளை ஏற்றுக்கொண்டது. கிளை மரபில் அரும்பியது தாய் மரபில் இடம்பெற்றமை குறிப்பிடத்தக்கது.

இரண்டாம் பதிப்பும் சோதனைத் தளமும்

2013 மே மாதத்தில் வெளிவந்த ஸ்கிராட்ச் 2.0, அடோபி நிறுவனத்தின் ஃபிளாஷ் தொழில்நுட்பத்தை அடித்தளமாகக் கொண்டது. கணினியில் நிறுவாமலேயே உலாவியில் நிரலாக்கம் செய்யும் வசதி இதனால் வாய்த்தது. இப்பதிப்பில் 'மேலும் கட்டைகள்' என்னும் வகை புதிதாகத் தோன்றியது. பயனர் ஆக்கிய கட்டைகளும் கருவிகளுக்குரிய நீட்சிக் கட்டைகளும் இவ்வொரு வகையிலேயே குடியிருந்தன.

பிறர் நீட்சி எழுதுவதற்கு இருவழிகள் அமைந்தன. முதல் வழி, கணினியில் நிறுவும் பதிப்புக்குரியது. நீட்சியை எழுதுவோர் கட்டைகளின் பட்டியலை ஒரு சிறு கோப்பில் விவரித்து, கருவியோடு பேசும் துணைநிரல் ஒன்றைத் தனியே இயக்குவர். ஸ்கிராட்ச் அத்துணைநிரலை நொடிக்கு ஏறத்தாழ 30 முறை வினவி விடை பெறும். இவ்வசதி, மாற்று விசையை அழுத்திக்கொண்டு கோப்புப் பட்டியலைத் திறப்போருக்கு மட்டுமே புலனாகும்படி மறைத்து வைக்கப்பட்டிருந்தது.

இரண்டாம் வழி, ஸ்கிராட்ச் எக்ஸ் என்னும் தனித்தளம். ஜாவாஸ்கிரிப்டில் நீட்சி எழுதி, அதன் இணைய முகவரியை அளித்தால் புதிய கட்டைகள் தோன்றும். வானிலைத் தகவல், மின்னணுப் பலகைகள், பேச்சு எனப் பலவகை நீட்சிகள் இத்தளத்தில் பரிசோதிக்கப்பட்டன. ஆயினும் இங்கு உருவான ஆக்கங்களைப் பொதுத்தளத்தில் பகிர இயலாது. அவற்றின் கோப்பு வகையும் வேறாகவே வைக்கப்பட்டது. தாய்த்தளத்தின் தூய்மையையும் சிறுவரின் பாதுகாப்பையும் காக்க வகுக்கப்பட்ட எல்லை இது. நீட்சியின் நிரல் பெரும்பாலும் அதனை எழுதியவரின் சொந்த இணையவெளியில் இருந்தது. அவ்வெளி மறைந்தால் நீட்சியும், அதனை நம்பிய ஆக்கமும் உடன் மறையும். பேணல் என்னும் கடமை எவரிடமும் ஒப்படைக்கப்படாத நிலையே அன்று நிலவியது.

ஃபிளாஷின் முடிவும் பெயர்த்தெழுதலும்

2017 ஜூலையில் அடோபி நிறுவனம் ஃபிளாஷை 2020 இறுதியோடு நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஸ்கிராட்ச் குழு இதற்கு முன்பே மாற்று வழியை நாடியிருந்தது. கூகுள் நிறுவனத்தில் உருவான பிளாக்லி என்னும் கட்டைத் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு 'ஸ்கிராட்ச் பிளாக்ஸ்' என்னும் பகுதி உருவாக்கப்படுவது 2016இல் அறிவிக்கப்பட்டது. 2019 ஜனவரி 2ஆம் நாள் ஸ்கிராட்ச் 3.0 வெளியாயிற்று. இது ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டது.

ஸ்மால்டாக், ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட், ஜாவாஸ்கிரிப்ட் எனப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் ஒரே மொழி மூன்று வெவ்வேறு அடித்தளங்களில் எழுதப்பட்டுள்ளது. ஏடு சிதைவதற்குள் புதிய ஏட்டுக்கு மாற்றும் பணியோடு இது ஒத்தது. ஏடு மாற்றும்போது எதை எழுதுவது, எதை விடுவது என்னும் முடிவு தவிர்க்க இயலாதது. ஸ்கிராட்ச் எக்ஸ் தளம் ஃபிளாஷைச் சார்ந்திருந்தமையால் அதனோடு முடிவுற்றது. அத்தளத்திற்கென எழுதப்பட்ட நீட்சிகள் புதிய பதிப்பில் தாமாக இயங்கா. ஒவ்வொன்றையும் அதன் ஆசிரியர் புதிதாக எழுத வேண்டும். பிக்கோபோர்டும் முதல் தலைமுறை வீடோவும் 3.0 பதிப்பில் இடம்பெறவில்லை. பள்ளி அலமாரியில் பழுதின்றி இருந்த பலகைகள், மொழி கைவிட்டமையால் புதிய பதிப்பில் பயனற்றுப் போயின.

இதற்கு மறுதலையாக, மொழியின் உள்ளே இருந்தவை சில நீட்சிகளாக வெளியேறின. 1.4 பதிப்பில் எட்டில் ஒரு வகையாக விளங்கிய எழுதுகோல், 3.0 பதிப்பில் பயனர் வேண்டிச் சேர்க்கும் நீட்சியாயிற்று. ஒலி வகையில் அடங்கியிருந்த தாளக் கட்டைகளும் சுரக் கட்டைகளும் இசை நீட்சியாயின. உணர்தல் வகையிலிருந்த காணொளிக் கட்டைகளும் அவ்வாறே பிரிந்தன. லோகோவின் ஆமை ஏந்திய எழுதுகோல், அம்மரபின் வழித்தோன்றலில் விருப்பப் பகுதியாக மாறியமை வரலாற்று நோக்கில் எண்ணத்தக்கது. புதிதாக வருவோருக்குக் கட்டைகளின் எண்ணிக்கை மிரட்சி தரலாகாது என்னும் கருத்து இதற்கு அடிப்படை எனக் கொள்ளலாம். ஆயின் ஒன்று தெளிவு: நீட்சி என்பது பிற்சேர்க்கை மட்டுமன்று, மையத்திலிருந்து விளிம்புக்கு நகர்த்தப்பட்டதும் நீட்சியாகும்.

வழக்கொழிந்த கட்டைகளைப் பேணும் முறை

எழுதுகோலை நீட்சியாக்கியதோடு அதனைத் திருத்தவும் செய்தனர். முந்தைய பதிப்புகளில் எழுதுகோலின் நிறம் 0 முதல் 200 வரையிலான எண்ணால் குறிக்கப்பட்டது. சாயல் என்னும் வேறோர் எண், 50ஐ நடுநிலையாகக் கொண்டு, அதற்குக் கீழே கருமையையும் மேலே வெண்மையையும் கலந்தது. 3.0 பதிப்பில் நிறம், செறிவு, ஒளிர்வு, ஒளிபுகு தன்மை என நான்கு பண்புகள் அமைந்தன. நிறம் 0 முதல் 100 வரையிலான அளவைப் பெற்றது. புதிய முறை தெளிவானது, பயன் மிக்கது. ஆயின் பழைய முறையில் சிறுவர்கள் ஆக்கிய எண்ணற்ற ஓவிய நிரல்களின் கதி யாது?

இவ்வினாவுக்குப் பேணுவோர் கண்ட விடை நுட்பமானது. பழைய நிறக் கட்டைகளும் சாயல் கட்டைகளும் நீட்சியின் நிரலுக்குள் தொடர்ந்து வைக்கப்பட்டன. ஆனால் கட்டைப் பட்டியலில் தோன்றாதவாறு மறைக்கப்பட்டன. புதிய ஆக்கத்தில் அவற்றை எடுத்துப் பயன்படுத்த இயலாது. பழைய ஆக்கத்தைத் திறந்தால் அவை உயிர்பெற்று இயங்கும். பழைய நிற எண்ணைப் பாதியாக்கிப் புதிய அளவுக்குக் கொணர்ந்து, சாயலின் கலப்பு முறையையும் முன்போலவே கணக்கிடுகின்றன. பழைய கோப்பில் எழுதுகோல் கட்டை இருப்பின், அந்நீட்சி கேட்காமலேயே தானாக வந்து சேர்கிறது.

இசை நீட்சியில் இந்நிலை இன்னும் விரிவாகக் காணப்படுகிறது. 1.x வரிசையில் இசைக்கருவிகள் மிடி முறையின் 128 எண்களால் குறிக்கப்பட்டன. பிற்பதிப்புகளில் 21 கருவிகளும் 18 தாளக்கருவிகளுமே உள்ளன. எனவே பழைய எண் ஒவ்வொன்றுக்கும் நெருங்கிய புதிய கருவி எது எனக் காட்டும் இணைப்பட்டியல் ஒன்று நீட்சிக்குள் எழுதப்பட்டுள்ளது. பழைய ஆக்கத்தின் இசை அப்படியே ஒலிக்காது, ஆயினும் மௌனமாகிவிடாது. இப்பட்டியலைத் தொகுத்தவர் செய்தது அகராதித் தொகுப்பாளரின் பணியே. வழக்கொழிந்த சொல்லைப் புழக்கத்தில் பரப்பாமல், பழம்பனுவலைப் படிப்போருக்குப் பொருள் விளங்கும்படி அகராதியில் காப்பது போன்றது இது.

இவ்வாறு காக்க இயல்வதற்கு ஓர் அடிப்படை விதி உண்டு. ஒவ்வொரு கட்டைக்கும் திரையில் தோன்றும் பெயர் வேறு. கோப்பில் பதியும் உள்ளடையாளம் வேறு. தோன்றும் பெயரை எத்துணை முறையும் மாற்றலாம்; உள்ளடையாளத்தை மாற்றினால் அதனைக் கொண்ட பழைய ஆக்கங்கள் அனைத்தும் முறியும். பிழையான சொல்லால் அமைந்த அடையாளமும் அவ்வாறே நிலைத்துவிடும். ஆகவே நீட்சியை முதன்முதலில் எழுதுவோர் இடும் பெயர், அவருக்குப் பின் பேணுவோர் அனைவரையும் கட்டுப்படுத்துகிறது.

கருவிசார் நீட்சிகளின் நிலையாமை

ஸ்கிராட்ச் 3.0 நீட்சிகள் சார்பின் அடிப்படையில் மூவகைப்படும். எழுதுகோல், இசை போன்றவை தம்முள் நிறைவுடையன. பேச்சொலி, மொழிபெயர்ப்பு ஆகியவை பிற நிறுவனங்களின் இணையச் சேவையைச் சார்ந்தவை. முன்னது அமேசான் நிறுவனத்தையும் பின்னது கூகுளையும் நம்பியுள்ளன. இணையம் இல்லாத வகுப்பறையில் இவை இயங்கா. மைக்ரோபிட், லெகோ கருவிகள் போன்றவற்றுக்குரியவை வன்பொருளைச் சார்ந்தவை.

மூன்றாம் வகையைப் பேணுதலே பெருந்தொல்லைக்குரியது. பி.பி.சி. நிறுவனத்தின் முயற்சியில் 2016இல் பள்ளிகளுக்கு வழங்கப்பட்ட மைக்ரோபிட் பலகையின் இரண்டாம் பதிப்பு 2020இல் வெளிவந்தது. இரண்டின் மையச் செயலிகளும் வேறானவை. முதற்பலகைக்கெனத் தொகுக்கப்பட்ட நிரற்கோப்பு இரண்டாம் பலகையில் இயங்காது. திரையில் உள்ள கட்டைகளில் ஒரு மாற்றமும் இல்லை. எனினும் பலகையில் பதியும் கோப்பைப் புதிதாக ஆக்க வேண்டியதாயிற்று. பயனர் கண்ணுக்குத் தென்படாத உழைப்பு இது.

லெகோ நிறுவனம் இ.வி.3 கருவியை 2021இல் நிறுத்தியது. மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசையையே 2022 இறுதியோடு முடித்துக்கொள்வதாக அறிவித்தது. பேப்பர்ட் 1980இல் வெளியிட்ட நூலின் பெயரைத் தாங்கிய வரிசை அது. விற்பனை நின்றாலும் பள்ளிகள் வாங்கிய கருவிகள் உள்ளன. கருவியைச் சோதித்துப் பார்க்கவும் புதிய பெட்டி கிடைக்காத சூழலில், நீட்சியைத் தொடர்ந்து பேணுவதா நீக்குவதா என்னும் வினா எழுகிறது. பிக்கோபோர்டின் முடிவு இதற்கொரு முன்னுதாரணமாக நிற்கிறது.

கருவிக்கும் உலாவிக்கும் இடையே பாலமாக ஸ்கிராட்ச் லிங்க் என்னும் துணைநிரல் தேவைப்படுகிறது. 2019இல் வெளியானபோது இது விண்டோஸ், மேக் ஆகிய இயங்குதளங்களுக்கே உரியதாக இருந்தது. இச்செய்தி இந்தியச் சூழலில் கருதத்தக்கது. கேரளப் பள்ளிகள் கட்டற்ற இயங்குதளமான லினக்ஸைப் பயன்படுத்துவன. அம்மாநில அரசின் கைட் நிறுவனம் 2018இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மாணவர் மன்றங்களில் ஸ்கிராட்ச் கற்பிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலிலும் ஸ்கிராட்ச் அறிமுகம் பெற்றது. மொழி இந்திய வகுப்பறைக்குள் வந்துவிட்டது. ஆயின் அதன் நீட்சி எந்த இயங்குதளத்தில் இயங்கும் என்னும் முடிவு வேறிடத்தில் எடுக்கப்படுகிறது.

மொழியாக்கமும் பேணலே

நீட்சி ஒவ்வொன்றும் தனக்குரிய சொற்றொடர்களோடு வருகிறது. எனவே ஒரு நீட்சி சேரும்போதெல்லாம் மொழிபெயர்ப்போரின் பணியும் கூடுகிறது. ஜப்பானிய மொழியில் ஸ்கிராட்ச் இரு வடிவங்களில் உள்ளது. இயல்பான எழுத்து முறையில் ஒன்று, ஹிரகானா எழுத்து மட்டும் அறிந்த இளஞ்சிறுவருக்கு மற்றொன்று. ஒரே மொழிக்குள்ளும் வயதுக்கேற்ற வடிவம் வேண்டும் என்பதற்கு இது சான்று.

கட்டை என்பது வெற்றிடங்களைக் கொண்ட ஏவல் தொடராகும். ஆங்கிலத்தில் வினை முன்னும் வெற்றிடம் பின்னும் வரும். தமிழிலோ வினை இறுதியில் நிற்கும். '10 அடி நகர்', '10 முறை திரும்பச் செய்' என்றாற்போல வெற்றிடம் முன்னே வர வேண்டும். 3.0 பதிப்பின் நீட்சிகளில் ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் பெயர் உண்டு. தாளக்கருவி, தாள அளவு என்னும் இரு வெற்றிடங்களை மொழிபெயர்ப்பவர் தம் மொழியின் மரபுக்கேற்ப இடம் மாற்றி அமைக்கலாம். ஆகவே வினைமுடிபுடைய தொடரைக் கட்டையில் அமைப்பதற்குத் தடை இல்லை.

வேற்றுமை உருபு வேறொரு சிக்கலை எழுப்புகிறது. வெற்றிடத்தில் எச்சொல் வந்து நிற்கும் என்பதை முன்னரே அறிய இயலாது. ஆதலின் அச்சொல்லோடு புணரும் உருபைக் கட்டையில் எழுதி வைக்க இயலாது. 'முரசு' வரின் 'முரசை' என்றும், 'தாளம்' வரின் 'தாளத்தை' என்றும் திரிய வேண்டும். கட்டைக்குப் புணர்ச்சி தெரியாது. இதற்கு இருவழிகள் உள. 'என்னும் கருவியை வாசி' எனப் பொதுப்பெயர் ஒன்றை இடையில் நிறுத்தி, அதன்மேல் உருபை ஏற்றலாம். அல்லது 'நிறம் மாற்று' என்றாற்போல உருபு தொக்கு வரும் தொடராக அமைக்கலாம். எண்ணுப்பெயரைப் பொறுத்தவரை தமிழுக்கு ஓர் எளிமை உண்டு. ஆங்கிலத்தில் ஒன்று என்னும் எண்ணோடும் பன்மைச் சொல்லே கட்டையில் நிற்க, தமிழில் '1 அடி', '10 அடி' என இரண்டிடத்தும் அஃறிணைப் பெயர் திரிபின்றி அமைகிறது. கட்டைமொழிக்குத் தமிழ் ஏற்றதா என்னும் வினாவுக்குத் தொகைநிலைத் தொடர்களே தக்க விடையளிக்கின்றன. இத்துறையில் இலக்கணம் கற்றோரின் பங்களிப்புக்கு இடமுண்டு என்பது தெளிவு.

திறப்பும் காப்பும்

நீட்சியை யார் எழுதலாம் என்னும் வினாவுக்கு ஒவ்வொரு சூழலும் ஒவ்வொரு விடை கூறுகிறது. ஸ்கிராட்சின் பொதுத்தளம், குழு தேர்ந்து சேர்த்த நீட்சிகளை மட்டுமே ஏற்கிறது. உலாவியில் இயங்கும் அயலார் நிரல் சிறுவரின் தகவலைக் கவரக்கூடும் என்பதே இதற்குரிய நியாயம். மைக்ரோசாஃப்டின் மேக்கோட் சூழலில் நீட்சிகள் கிட்ஹப் தளத்தில் பதிப்பெண்களோடு வைக்கப்படுகின்றன. ஆய்ந்து ஏற்கப்பட்டவை முன்னிலை பெறுகின்றன. ஸ்கிராட்சிலிருந்து கிளைத்த டர்போவார்ப் சூழலில், அயலார் நீட்சிகளைப் பாதுகாப்பு வேலிக்குள் வைத்து இயக்கும் முறையும், ஆய்ந்து தொகுத்த நீட்சிக்கூடமும் உள்ளன.

திறந்த முறையில் ஆக்கம் பெருகும். பேணுவோர் இன்றிக் கைவிடப்படுவனவும் பெருகும். ஸ்கிராட்ச் எக்ஸின் முடிவு இதற்குச் சான்று. அடைத்த முறையில் எண்ணிக்கை குறையும். ஆயின் சேர்த்தவற்றைக் காக்கும் பொறுப்பு ஒரு குழுவிடம் நிலைக்கும். மறைநிலைக் கட்டைகள் இதற்குச் சான்று. கிளைச் சூழலின் நீட்சியைப் பயன்படுத்திய ஆக்கம் தாய்த்தளத்தில் திறவாது என்பதும் உணரத்தக்கது. இடைச்செருகலை விலக்கித் தூய பாடம் காணும் பதிப்பாசிரியருக்கும், எல்லாப் பாடங்களையும் அடிக்குறிப்பில் காட்டும் பதிப்பாசிரியருக்கும் இடையே உள்ள வேறுபாட்டை இது ஒத்திருக்கிறது.

முடிவுரை

1996 முதலான இவ்வரலாற்றிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. நிரற்கட்டை மொழிகளில் நீட்சி, கருவிகளோடு பேசும் தேவையிலிருந்து தோன்றியது. பின்னர் மொழியின் மையத்தையும் விளிம்பையும் வரையறுக்கும் அமைப்பாக வளர்ந்தது. எழுதுகோலின் இடமாற்றம் இதனைப் புலப்படுத்துகிறது.

2. நீட்சியைத் திருத்துதலும் பேணுதலும் வேறுவேறு பணிகளல்ல. பழைய ஆக்கங்களுக்கு ஊறின்றிச் செய்யப்படும் திருத்தமே மேம்பாடு எனத்தகும்.

3. அடித்தளத் தொழில்நுட்பம் மாறும்போது, பேணுவோர் உறுதியாக அமைந்த நீட்சிகள் பிழைத்தன. தனியொருவர் உழைப்பை மட்டும் நம்பியவை பெரும்பாலும் தேங்கின.

4. வன்பொருளையும் பிறர் இணையச் சேவையையும் சார்ந்த நீட்சிகள் குறுகிய வாழ்நாளை உடையன. கல்வி நிறுவனங்கள் பாடத்திட்டம் வகுக்கும்போது இதனைக் கருத்திற்கொள்ளுதல் வேண்டும்.

5. கட்டைகளின் மொழியாக்கம் இலக்கணப் பணியாகும். சொல்வரிசை, வேற்றுமை, தொகை ஆகியவற்றில் தெளிவுடையோர் இதில் ஈடுபடுதல் தேவை.

ஒரு சிறுமி தன் ஒன்பதாம் வயதில் பொருத்திய கட்டைகள் பத்தாண்டுகளுக்குப் பின்னும் திறந்து இயங்குமாயின், அதற்குக் காரணம் பட்டியலில் தோன்றாத சில கட்டைகளும், அவற்றை நீக்காமல் விட்டவர்களின் முடிவுமே. ஆக்கியோர் பெயரை வரலாறு எளிதில் நினைவிற்கொள்கிறது. ஏடு பெயர்த்தோர் பெயர் பெரும்பாலும் சுவடியின் கடைசி ஓலையோடு நின்றுவிடுகிறது. நிரலின் வரலாற்றை எழுதுவோர் இப்பிழையை மீண்டும் செய்யாதிருத்தல் நலம்.